ஏராவில் நின்ற ஈரம்

பழைய ஃபைபர் படகின் அடிப்பக்கத்தைச் சுரண்டுவதும் வெங்காயம் உரிப்பதும் ஒன்றுதான். கண் எரியும், உரிக்க உரிக்க வந்துகொண்டே இருக்கும். புன்டா கார்சா என்ற இந்த மீனவ ஊர் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஜூன் கடைசியில் வரும் புனித பேதுரு திருநாளுக்குப் படகுக்குப் புதுப் பெயின்ட் அடித்தே ஆகவேண்டும், வீட்டில் அடுப்பு எரிகிறதோ இல்லையோ. ஆனால் பழையதை ஒருத்தனும் சுரண்ட மாட்டான். போன வருடத்துப் பச்சைக்கு மேலேயே இந்த வருடத்து மஞ்சளை அப்பிவிட்டு, படகு ஏன் இப்படிக் கனக்கிறது, பெட்ரோல் ஏன் இப்படிக் குடிக்கிறது என்று மோட்டாரைப் போட்டுத் திட்டுவான்.

அப்படிப் பதினோரு திருநாள் பார்த்த படகு 'போர்ஃபியாதா'. பிடிவாதக்காரி என்று அர்த்தம். ரெமிஹியோ தன் கொட்டகைக்கு முன்னால் அதைக் குப்புறக் கவிழ்த்து, நாலு டிரம்மின் மேல் ஏற்றி, மூன்று நாளாகக் கிரைண்டரும் உப்புத்தாளுமாக அதன் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கரையில் ஃபைபர் வேலை தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். ஐம்பத்து நாலு வயதில் அவன் உடம்பில் அரிக்காத இடம் கிடையாது. ஃபைபர் தூள் தோலுக்குள் போய்க் குடியிருந்தது.

படகு அவன் தங்கை உபால்டினாவின் புருஷன் ஒலெகாரியோவுடையது. இரண்டு வருடத்துக்கு முன் ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு ஆட்களோடு சூரை மீனுக்குப் போன ஒலெகாரியோ திரும்பி வரவில்லை. ஒன்பதாம் நாள் படகு மட்டும் கவிழ்ந்து மிதந்ததை ஒரு கப்பலில் வந்தவர்கள் கண்டு இழுத்துக்கொண்டு வந்து விட்டார்கள். ஆள் இல்லை, வலை இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, மோட்டாரும் இல்லை.

மோட்டார் இல்லை என்றதுமே ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கொள்ளைக்காரர்கள். அந்தக் கடலில் ஒரு மோட்டாருக்காக ஆளைத் தண்ணீரில் தள்ளுவது புதிதல்ல. படகின் அடியில் நீளமாக ஒரு வெடிப்பு இருந்தது. இழுத்து வந்ததில் பட்ட அடி என்று சொன்னார்கள். முதலில் அப்படிச் சொன்ன வாய் ரெமிஹியோவுடையது. குனிந்துகூடப் பார்க்காமல் சொன்னான். வேலை தெரிந்தவன் சொன்னால் சரிதான் என்று மற்றவர்களும் சொன்னார்கள்.

படகு வந்த அதே வாரத்தில் அதே ஊர்க்காரன் நார்சிசோ, எழுபத்தைந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து தன் படகில் மாட்டியதுதான் அவன் செய்த பாவம். மன்டா நகரத்தில் இருக்கிற மச்சான் கொடுத்தது என்றான். அவன் பெண்டாட்டி மெர்லி ரசீதைக் காட்டினாள். ரசீது எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலில் இருந்து நேராக அவன் வீட்டுக்குப் போனார்கள். கதவை முதலில் உதைத்தது ரெமிஹியோ. துடுப்பால் தலையில் போட்டது உபால்டினாவின் மகன் தாரியோ, அப்போது அவனுக்குப் பதினேழு வயது. யாரோ வீட்டுக்கும் தீ வைத்தார்கள். நாலாம் நாள் நார்சிசோ நகரத்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். போலீஸ் வந்து விசாரித்தது. முந்நூறு பேர் இருக்கிற ஊரில் அன்றைக்கு ஒருத்தருக்கும் கண் தெரிந்திருக்கவில்லை.

இந்த வருடம் பேதுருவின் சொரூபம் போர்ஃபியாதாவில் ஏறிக் கடல் பவனி போகும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. தகப்பனைக் கடலுக்குக் கொடுத்த வீட்டுக்கு ஒரு மரியாதை. படகை ஓட்டப்போவது தாரியோ. திருநாள் முடிந்த மறுநாளே அதில் அவன் தொழிலுக்கும் போகப்போகிறான். அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

மதியம் உபால்டினா மரவள்ளிக்கிழங்கு போட்ட மீன் சாறும் நாலு வாழைக்காய் உருண்டையும் கொண்டுவந்தாள். பின்னாலேயே தாரியோவும் வந்தான்.

"அண்ணே, மொதல்ல அந்த மூக்குமூடியக் கழட்டு. பாத்தா பேங்குக் கொள்ளைக்காரன் மாதிரி இருக்க."

"கழட்டுனா தும்மியே செத்துருவேன். அப்புறம் உனக்கு ஓசியில யாரு வேலை செய்வா?"

"ஓசியாம்ல. மூணு நாளா என் வீட்டுச் சாப்பாட்டுல உன் தொப்பை எப்படி மினுங்குது பாரு."

தாரியோ படகைச் சுற்றி வந்து அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். "மாமா, செவப்பு அடிங்க. கரையில நின்னு பாத்தாலே நம்ம படகுன்னு தெரியணும்."

"மொதல்ல தேய்ச்சு முடிக்கிறேன்டா. துணி தைக்கிறதுக்கு முன்னாடியே பொத்தானுக்கு அலையிறான்."

"நீங்க ஆமை மாமா. உங்களுக்குத் தெரியாம உங்க முதுகுல நான் செவப்பு அடிக்கப்போறேன் பாருங்க."

சிரித்துக்கொண்டே போனான். நல்ல பையன். அதுதான் கொடுமை. அந்தப் பையனைப் பார்த்தால் துடுப்பை ஓங்கியவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மூன்று நாளாக ரெமிஹியோ படகு முழுக்கத் தேய்த்திருந்தான், ஒரு முழ நீளத்தைத் தவிர. படகின் அடியில் நடுவாக நீளத்துக்கும் ஓடும் ஏராக்கட்டையின் மேல், அந்தப் பழைய வெடிப்பை ஒட்டின இடம். முதல் நாள் முன்பக்கம், அணியத்தில் ஆரம்பித்தான், அடுத்து பின்பக்கம் போனான், அப்புறம் இரண்டு விலா. அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவனுக்குத் தாகம் எடுத்தது, இல்லாவிட்டால் கிரைண்டர் தட்டு தேய்ந்திருந்தது. மனதுக்கு ஒன்று தெரிந்துவிட்டால் கைக்குச் சாக்கா கிடைக்காது. அன்றைக்குச் சாப்பிட்டு முடித்தபோது வேறு இடம் மிச்சமில்லை.

நீலப் பெயின்ட் போனது. கீழே வெள்ளையாகப் பட்டி தெரிந்தது. அவன் வைத்த பட்டி. பையிலிருந்து ஒரு டாலர் காசை எடுத்து விளிம்பால் தட்டிப் பார்த்தான். ஃபைபர் நன்றாகப் பிடித்திருந்தால் காசு கணீர் என்று சொல்லும். பிடிக்காத இடத்தில் டொக் டொக் என்னும். ஒரு முழத்துக்கும் டொக் டொக் என்றுதான் கேட்டது.

ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் கொடுத்து லேசாக நெம்பினான். காய்ந்த புண்ணின் பொருக்கு மாதிரி அவன் போட்ட ஒட்டு முழுக்க ஒரே துண்டாகக் கையோடு வந்தது. உள்ளே இருந்து பழுப்புத் தண்ணீர் வழிந்து மணலில் சொட்டியது, காடி நாற்றத்தோடு. ஏராக்கட்டை கறுத்து ஊறிப்போயிருந்தது. இரண்டு வருடம் கரையில் கிடந்தும், ஃபைபருக்குள் அடைபட்ட அந்தக் கட்டை காயவில்லை. ஒட்டைத் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. மரத்தின் ஒரு நார்கூட அதில் ஒட்டியிருக்கவில்லை. ஒரு நாளும் ஒட்டியதே இல்லை.

அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

ஒலெகாரியோ காணாமல்போன அந்த வருடமும் சொரூபம் ஏறியது இதே படகில்தான். சீட்டுக் குலுக்கலில் ஒலெகாரியோ பெயர் வந்தது. வெள்ளிக்கிழமை படகைக் கரையேற்றியபோதுதான் ஏராவில் வெடிப்பு இருப்பது தெரிந்தது. ஞாயிறு திருநாள். உள்ளே உப்புத்தண்ணீர் குடித்த கட்டை காய மூன்று வாரம் வேண்டும், அதுவும் வெயில் காலத்தில். ஜூனிலோ நாளெல்லாம் பூந்தூறல், துவைத்த சட்டையே மூன்று நாளைக்குக் காயாது. இதெல்லாம் ரெமிஹியோவுக்குத் தெரியாததா? உபால்டினா அன்றைக்கு மூன்று தடவை வந்து நின்றாள். பேதுரு ஏறுகிற படகு, பேதுரு பார்த்துக்கொள்வார் என்றாள். அவன் ஊதுவிளக்கின் தீயைக் காட்டி மேலாக வாட்டினான். கையால் தொட்டுப் பார்த்தான், காய்ந்திருந்தது. ரெசின் பசையில் ஹார்ட்னரை அளவுக்கு மேல் ஊற்றிச் சீக்கிரம் இறுக வைத்தான், பட்டி பார்த்தான், நீலம் அடித்தான். ஞாயிற்றுக்கிழமை பேதுரு ஜாம்ஜாமென்று போய்வந்தார். ஆறு வாரம் கழித்துத்தான் ஒட்டின் ஓரம் வெடித்துத் தண்ணீரை உள்ளே விட்டிருக்கிறது.

கொள்ளைக்காரர்கள் யாரும் வரவில்லை. தண்ணீர் ஏறுகிற படகில் என்ன செய்வார்கள் என்று மீன்காரன் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். முதலில் வலையை வீசுவார்கள், அப்புறம் ஐஸ் பெட்டி, அப்புறம் மீன். ஒன்றும் ஆகவில்லை என்றால் கடைசியில் மோட்டாரையே கழற்றித் தள்ளுவார்கள், படகாவது மிதக்கட்டும் என்று. ஒலெகாரியோ தன் கையாலேயே தள்ளியிருக்கிறான். இரண்டு வருடமாகக் கண்ணெதிரே கிடந்த கணக்கு. ஒருத்தனும் போட்டுப் பார்க்கவில்லை, அவனும்தான்.

ரெமிஹியோ பயந்தான். ஒலெகாரியோவுக்காக அழுகை வரும் என்று நினைத்தான், வரவில்லை. பயம்தான் வந்தது. இதைச் சொன்னால் மூன்று பேரைக் கொன்றவன் அவன். அதோடு போகாது. கதவை உதைத்தவன், தீ வைத்தவன், பார்த்துக்கொண்டு நின்றவன் என்று ஊர் மொத்தமும் சும்மா ஒருத்தனை அடித்துக் கொன்றது என்றாகும். தாரியோ என்ன ஆவான்? சொல்லாவிட்டால், செத்தும் கொள்ளைக்காரனாகவே கிடப்பான் நார்சிசோ.

சாயங்காலம் பாத்திரம் எடுக்க உபால்டினா வந்தாள். அவன் மூக்குமூடியைக் கழற்றாமலேயே பேசினான்.

"உபா, திருநாளுக்கு இது முடியாது. கட்டை ஈரமா இருக்கு. மூணு வாரமாவது காயணும்."

"மூணு வாரமா? வெளையாடுறியா? ஊரே பேசி முடிச்சாச்சு. போன தடவை ரெண்டே நாள்ல முடிச்சியே அண்ணே."

அவன் குனிந்தான். பிய்த்தெடுத்த ஒட்டைத் திருப்பி அவள் கையில் கொடுத்தான்.

"என்னது இது?"

"ரெண்டு நாள்ல முடிச்சேன்ல, அது. ஒட்டவே இல்ல."

அவள் அதைத் தடவிப் பார்த்தாள். திறந்து கிடந்த கட்டையைப் பார்த்தாள், விரலால் அமுக்கினாள். தண்ணீர் வந்தது. அவளும் மீன்காரன் மகள், மீன்காரன் பெண்டாட்டி. அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். ஈர விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எவ்வளவு நேரம் தண்ணிய எறச்சுக்கிட்டு இருந்திருப்பாரு?"

"தெரியல உபா."

"ஒரு நாள் இருக்குமா?"

"இருக்கலாம்."

"நாந்தான வந்து வந்து அவசரப்படுத்துனேன்."

"நீ கேட்ட. செஞ்சது நான். எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அவள் அழுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தான். அடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் எழுந்து தெருப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"தாரியோவுக்குத் தெரியக் கூடாது."

"அப்ப நார்சிசோ?"

"அவன் செத்தாச்சு. செத்தவனுக்கு நாம என்ன செஞ்சு என்ன? எம்புள்ள உசுரோட இருக்கான். அப்பனக் கொன்னவனத்தான் அடிச்சோம்னு நெனச்சுத்தான் அவன் ரெண்டு வாய் சாப்பிடுறான். அதையும் புடுங்கிட்டா அவன் கயித்தத் தேடுவான் அண்ணே. உனக்குப் புள்ள இல்ல, உனக்குத் தெரியாது."

"மெர்லிக்காவது..."

"யாருக்கும் வேணாம். மன்டாவுலருந்து ரெசின் வரலன்னு சொல்லு. பேதுரு வேற படகுல போகட்டும். நீ மூணு வாரம் எடு, நாலு வாரம் எடு, ஆனா இந்தத் தடவ நல்லாக் காயவை."

ஒட்டை இடுப்பில் கட்டியிருந்த துணிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, மீன் சாறுப் பாத்திரத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாளில் இருந்து ரெமிஹியோ செய்தது நல்ல வேலை. அப்படி ஒரு வேலையை அவன் வாழ்நாளில் செய்ததில்லை. ஊறிய கட்டையை வெட்டி எடுத்தான். வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒரு முழ அகலத்துக்கு ஃபைபரைச் சரிவாகத் தேய்த்து இறக்கினான், புது ஃபைபர் விரிப்பு பிடிக்க இடம் வேண்டுமே. நல்ல ஒட்டுக்கு அப்படித்தான் செய்யவேண்டும். அப்படிச் செய்யும்போது பழைய ஒட்டின் தடம், வெடிப்பின் வாய், எல்லாம் பொடியாகி மணலில் விழுந்தது. அள்ளி எடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, காற்று கொண்டுபோனது.

தாரியோதான் கோபத்தில் துள்ளிக் குதித்தான். "ரெசின் வரலயாம். மன்டா என்ன சீனாவுலயா இருக்கு? நான் போய் வாங்கியாறேன். வயசாயிருச்சுன்னு ஒத்துக்கங்க மாமா." ரெமிஹியோ, ஆமாம்டா வயசாயிருச்சு என்றான். சொரூபம் வேறொரு படகுக்குப் போனது.

திருநாள் அன்று ஊர் முழுக்கக் கரையில் இருந்தது. பேண்டு, பட்டாசு, பெரிய அண்டாக்களில் மீன் சாறு. படகுகள் பவனி போய்த் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் ரெமிஹியோ கழிமுகத்தைத் தாண்டி மெர்லியின் வீட்டுக்குப் போனான். ஒன்பது நாள் வாயைக் கட்டிப்போட்டுப் பார்த்தான், முடியவில்லை. எரிந்த சுவர் இருந்த பக்கம் தகரம் அடித்திருந்தது. அவள் இறால் கம்பெனியில் ஓடு உரிக்கிற வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். ஊரில் அவளுக்கு ஒரு கடைக்காரனும் உப்புக்கூட விற்கமாட்டான். வாசலில் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே அவள் மகள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தது. மெர்லி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"சொல்லுங்க."

அவன் நின்றபடியே சொன்னான். ஈரக் கட்டை, ஒட்டு, மோட்டார், எல்லாம். கடைசியில், "உன் புருஷன் எதுவும் செய்யல" என்று சொன்னான். 

மெர்லி பூட்ஸைத் திருப்பித் தண்ணீரைக் கொட்டினாள்.

"எனக்குத் தெரியாதா?"

அவன் விழித்தான்.

"ஒலெகாரியோ கடலுக்குப் போன செவ்வாய்க்கிழமையிலேர்ந்து ஒரு வாரம் அவருக்கு டெங்கு. எழுந்து ஒண்ணுக்குப் போகக்கூட நாந்தான் தாங்கிப் புடிச்சேன். அதத்தான அன்னிக்கு உங்க கால்ல விழுந்து சொன்னேன். நீங்க கேட்டீங்க. கேட்டுட்டுத்தான் கதவ ஒதச்சீங்க. அத நம்புறதுக்கு உங்களுக்குப் படகத் தேய்க்க வேண்டியிருந்துச்சா?"

அவனுக்கு அது நினைவுக்கு வந்தது. மறந்துபோயிருக்கவில்லை. காலைப் பிடித்திருந்த கைகள், காய்ச்சல் காய்ச்சல் என்ற அந்தக் குரல், எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அவன் அந்தப் பக்கம் திரும்பியதில்லை, அவ்வளவுதான். 

"எம்மகள பள்ளிக்கூடத்துல என்னன்னு கூப்புடுறாங்கன்னு தெரியுமா? கொள்ளைக்காரி. ஏழு வயசு." பூட்ஸைக் கவிழ்த்து வைத்தாள். "எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போவுது. அங்க எல்லாரும் இருக்காங்க. சாமியாரும் இருக்காரு. போயிச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"போறேன்" என்றான்.

போகத்தான் போனான். பொய்யில்லை. கழிமுகத்தைத் தாண்டும்போது வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தான். நான் ஈரத்தில் ஒட்டினேன், நார்சிசோ செய்யவில்லை. இவ்வளவுதான், இரண்டு வாக்கியம். கரையில் கூட்டம் அவனுக்கு வழிவிட்டது. சாமியார் ஒலிபெருக்கியில் கடலில் போனவர்கள் பெயரை வாசித்துக்கொண்டிருந்தார். ஒலெகாரியோ பெயர் வந்தபோது உபால்டினா தலையைக் குனிந்தாள். நிமிர்ந்தபோது அண்ணன் வந்த திசையைப் பார்த்தாள், அவன் முகத்தையும் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது.

சொரூபத்தைப் படகிலிருந்து இறக்கித் தோளில் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் முன் தண்டைப் பிடித்திருந்தவன் தாரியோ. அலை வாங்கியதில் அவனுக்குப் பின்னால் இருந்த கிழவர் தடுமாறினார். சொரூபம் ஒரு பக்கமாகச் சாய, பெண்கள் வாயில் கை வைத்தார்கள்.

"மாமா," என்று தாரியோ கூப்பிட்டான். முகமெல்லாம் சிரிப்பு, கோபமெல்லாம் போயே போய்விட்டது. "அங்க என்ன பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வாங்க, தோள் குடுங்க."

ரெமிஹியோ வாயைத் திறந்தான். முந்நூறு பேரும் அவனைப் பார்த்தார்கள். கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், தகரச் சுவருக்கு முன்னால், மெர்லி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றாள். அவன் சொல்வான் என்று நம்பியிருக்க வேண்டும்.

அவன் செருப்போடேயே தண்ணீரில் இறங்கிப் போனான். தண்டுக்கு அடியில் தோளைக் கொடுத்தான். பேண்டு வாசிக்க ஆரம்பித்தது, எல்லோரும் பேதுருவின் பாட்டைப் பாடினார்கள். ரெமிஹியோவும் பாடினான்.